நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்தும் அடக்கும் மருந்தும்



மொழி வளர்க்கும் மன்றத்தில் மருந்துகளைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று மாணவர் சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. நாம் நாள்தோறும் வழங்கும் ஒரு சொல்லே இம்மருந்துகளைப் பற்றி நம்மைத் தவறாக எண்ண வைக்கிறது. ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ என்பதே அச்சொல்.

சக்தி என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது அளவு. குடத்தில் உள்ள நீரைப் போலவும், மின்கலத்தில் உள்ள மின்னாற்றலைப் போலவும் அது கூடும், குறையும். கூடினால் நன்மை, குறைந்தால் தீமை என்று கொள்கிறோம். கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் புட்டிகளும் பொடிகளும் இந்த எண்ணத்தையே விலை பேசுகின்றன. ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று எழுதினால் போதும். வாங்குபவர் வேறு கேள்வி கேட்பதில்லை.

இந்த எண்ணத்தோடு மருத்துவமனைக்குச் செல்லும் ஒருவரிடம், “உங்கள் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தை இனி வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டும்” என்று மருத்துவர் சொன்னால் அவர் என்ன நினைப்பார்? மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் இதைக் கேட்கிறார்கள். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்தவர்களும் இதைப் போன்ற சொற்களைக் கேட்கிறார்கள். சக்தியைக் குறைப்பது எப்படி மருந்தாகும் என்னும் ஐயம் எழுகிறது. உடல் நன்றாக இருக்கும் நாளில் மருந்தை நிறுத்திப் பார்க்கலாம் என்னும் துணிவும் அந்த ஐயத்திலிருந்தே பிறக்கிறது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் அவ்வாறு நிறுத்தினால் அவ்வுறுப்பையே இழக்க நேரிடும். ஆகவே இதைச் சொல்லாராய்ச்சி என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

இன்று நான் சொல்ல விழைவது ஒன்றே. நோயெதிர்ப்பு என்பது நம் உடலில் சேர்த்து வைத்த சக்தி அன்று. அது முடிவெடுக்கும் ஓர் ஒழுங்கு. எதைத் தாக்குவது, எதை விடுவது, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்னும் முடிவுகள் அங்கே நொடிதோறும் எடுக்கப்படுகின்றன. மருந்துகள் அம்முடிவுகளில் ஏதேனும் ஒன்றில் தலையிடுகின்றன. எந்த முடிவில் தலையிடுகிறது என்று அறிந்தால் அம்மருந்தின் பயனும் தெரியும்; அதற்கு நாம் கொடுக்கும் விலையும் தெரியும்.

பெயர்களைப் பற்றி ஒரு சொல்

ஆங்கிலத்தில் இவ்வாற்றலைக் குறிக்கும் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. உரோமாபுரியில் வரியும் அரசுக் கடமையும் விலக்கப்பட்டவரை ‘இம்யூனிஸ்’ என்றனர். நோயிலிருந்து விலக்குப் பெற்றவர் என்னும் பொருளில் மருத்துவம் அச்சொல்லை எடுத்துக்கொண்டது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘நிர்ப்பீடனம்’ என்று எழுதுகின்றன; பீடிப்பு இல்லாத நிலை என்பது அதன் பொருள். இவ்விரு சொற்களிலும் அளவு பற்றிய குறிப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். நான் இவ்வுரையில் ‘நோயெதிர்ப்பு’ என்றும், அதற்குரிய உறுப்புகளையும் உயிரணுக்களையும் சேர்த்து ‘நோயெதிர்ப்பு மண்டலம்’ என்றும் வழங்குவேன்.

முடிவு எவ்வாறு எடுக்கப்படுகிறது?

விரலில் முள் தைத்தால் சில மணி நேரத்தில் அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிக்கிறது. முள்ளோடு புகுந்த கிருமிகளை விழுங்கணுக்கள் வளைத்து உண்ணும் வேலை அது. இதனை அழற்சி என்கிறோம். இவ்வணுக்கள் விரைந்து செயல்படும். ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு பார்ப்பதில்லை. பொதுவான பகை அடையாளங்களைக் கொண்டே தாக்கும்.

அடுத்து வருபவை நுட்பமானவை. எலும்பு மச்சையில் பிறந்து, மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறும் டி அணுக்கள் அவை. ஒவ்வொரு டி அணுவும் ஒரு குறிப்பிட்ட அடையாளத்தை மட்டுமே அறியும். உடலின் சொந்த உறுப்புகளைத் தாக்கக்கூடிய டி அணுக்களில் பெரும்பாலானவை தைமஸிலேயே அழிக்கப்படுகின்றன. எஞ்சியவை உடலெங்கும் உலவிக் காத்திருக்கின்றன. பி அணுக்கள் என்னும் மற்றொரு வகை, எதிர்ப்பொருள் என்னும் புரதங்களைச் சுரந்து குருதியில் விடுகின்றன.

டி அணு தன் பகையைக் கண்டவுடன் தாக்கிவிடுவதில்லை. தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கணக்கிலிருந்து பணம் எடுக்க வேண்டுமானால் காசோலையில் இரண்டு கையொப்பம் வேண்டும் அல்லவா? டி அணுவுக்கும் அப்படித்தான். தனக்குரிய அடையாளத்தைக் கண்டறிவது முதல் கையொப்பம். “இங்கு உண்மையிலேயே ஆபத்து இருக்கிறது” என்று மற்றோர் அணு உறுதி செய்வது இரண்டாம் கையொப்பம். டி அணுவின் மேற்பரப்பில் உள்ள சிடி-28 என்னும் புரதமே அந்த இரண்டாம் செய்தியைப் பெற்றுக்கொள்கிறது. இரண்டும் கிடைத்தால் டி அணு இன்டர்லூக்கின்-2 என்னும் செய்திப் புரதத்தைச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் ஒன்று ஆயிரமாகப் பெருகுகிறது. முதல் கையொப்பம் மட்டும் கிடைத்தால் அது பெரும்பாலும் செயலிழந்து அடங்கிவிடும்.

தொடங்கியதை நிறுத்தவும் ஏற்பாடு உண்டு. தூண்டப்பட்ட டி அணு, சிடிஎல்ஏ-4 என்னும் மற்றொரு புரதத்தை வெளிப்படுத்துகிறது. அது சிடி-28க்குரிய இடத்தைத் தான் பற்றிக்கொண்டு இரண்டாம் செய்தியைத் தடுக்கிறது. பிடி-1 என்னும் இன்னொரு கடிவாளமும் உண்டு. இவற்றோடு, மற்ற டி அணுக்களை அடக்கி வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒழுங்காற்று டி அணுக்களும் உள்ளன. சப்பானிய அறிஞர் சிமோன் சகாகுச்சி 1995ஆம் ஆண்டில் இவ்வணுக்களை அடையாளம் காட்டினார். அமெரிக்க ஆய்வாளர்கள் மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் 2025ஆம் ஆண்டு மருத்துவ நோபெல் பரிசும் பெற்றார். ஆக, தாக்குவதற்கு எத்தனை ஏற்பாடுகள் உண்டோ, அடங்குவதற்கும் அத்தனை ஏற்பாடுகள் நம் உடலிலேயே இருக்கின்றன.

அடக்கும் மருந்துகள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பீட்டர் மெடாவார் என்னும் ஆங்கில உயிரியலாளர் தீக்காயம் பட்டவர்களுக்குப் பிறர் தோலை ஒட்டினால் என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார். முதன்முறை ஒட்டிய தோல் சில நாள் தங்கிப் பின் உதிர்ந்தது. அதே கொடையாளரின் தோலை இரண்டாம் முறை ஒட்டியபோது அது இன்னும் விரைவில் உதிர்ந்தது. உடல் அத்தோலை நினைவில் வைத்திருந்தது என்பதே இதன் பொருள். பிறர் உறுப்பை உடல் ஏற்க மறுப்பது நோயெதிர்ப்பின் வேலை என்று இதனால் தெளிவாயிற்று.

1954ஆம் ஆண்டு திசம்பர் 23ஆம் நாள் பாஸ்டன் நகரில் சோசப் மரே என்னும் அறுவை மருத்துவர், ரொனால்டு எரிக் என்பவரின் சிறுநீரகத்தை அவருடைய உடன்பிறந்தார் ரிச்சர்டுக்குப் பொருத்தினார். ரிச்சர்டு மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். வெற்றிக்குக் காரணம், இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். ரிச்சர்டின் டி அணுக்கள் அச்சிறுநீரகத்தைத் தம்முடையதாகவே கண்டன. ஆனால் இரட்டைப் பிறவி இல்லாத நோயாளிகளுக்கு என்ன செய்வது? அக்கேள்விக்கு விடை தேடியே அடக்கும் மருந்துகள் பிறந்தன.

முதல் விடை அசாதயோபிரின். கெர்ட்ரூட் எலியன், சார்ச் ஹிட்சிங்ஸ் ஆகியோரின் ஆய்வுக்கூடத்தில் உருவான மருந்து இது. உயிரணு பெருக வேண்டுமானால் தன் மரபுப்பொருளைப் படியெடுக்க வேண்டும். இம்மருந்து அப்படிக்குத் தேவையான செங்கல்லைப் போல வேடமிட்டு உள்ளே நுழைந்து, படியெடுப்பைக் கெடுத்துவிடுகிறது. விரைந்து பெருகும் டி அணுக்கள் பெருக முடியாமல் நிற்கின்றன. 1962ஆம் ஆண்டில் மரே இம்மருந்தின் துணையோடு, உறவில்லாத ஒருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தி வெற்றி கண்டார். ஆனால் விரைந்து பெருகுபவை டி அணுக்கள் மட்டும் அல்லவே. எலும்பு மச்சை முழுவதுமே பெருகிக்கொண்டிருக்கிறது. ஆகவே மற்றக் குருதியணுக்களும் குறைந்தன. தேடியது ஒரு கதவு. பூட்டியதோ தெரு முழுதும்.

இரண்டாம் விடை மண்ணிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவன ஊழியர் ஒருவர் 1969ஆம் ஆண்டு விடுமுறைக்கு நார்வே சென்றபோது, ஹார்டாங்கர்விட்டா மேட்டுநிலத்திலிருந்து சிறிது மண் எடுத்து வந்தார். அம்மண்ணில் இருந்த பூஞ்சையிலிருந்து கிடைத்தது சைக்லோசுபோரின். அந்நிறுவனத்தில் நடந்த சோதனைகளில் அதன் அடக்கும் பண்பு 1972இல் வெளிப்பட்டது. கேம்பிரிட்ச் அறுவை மருத்துவர் ராய் கால்ன் 1978இல் அதனை உறுப்பு மாற்று நோயாளிகளுக்குக் கொடுத்தார். அவரே பின்னாளில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியப் பொறுப்பு வகித்தார்.

சைக்லோசுபோரின் எந்த முடிவில் தலையிடுகிறது? டி அணு தூண்டப்பட்டவுடன், கால்சினியூரின் என்னும் நொதி ஒரு செய்தியை அணுவின் கருவுக்குள் அனுப்புகிறது. “இன்டர்லூக்கின்-2 சுரந்து பெருகு” என்பதே அச்செய்தி. மருந்து அந்நொதியைக் கட்டிப்போடுகிறது. டி அணு சாவதில்லை. கட்டளை மட்டும் போய்ச் சேர்வதில்லை. எலும்பு மச்சையும் தப்பியது. சப்பானின் சுகுபா வட்டார மண்ணிலிருந்து 1984இல் கண்டெடுத்த டாக்ரோலிமஸ் என்னும் மருந்தும் இந்நொதியையே வேறு வழியாகத் தடுக்கிறது. இன்று மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் பலரும் உண்பது இதுவே.

இதற்கும் விலை உண்டு. சிறுநீரகத்தைக் காக்கும் இம்மருந்துகள் குருதியில் மிகுந்தால் சிறுநீரகத்தையே கெடுக்கும். குறைந்தால் உடல் அவ்வுறுப்பைத் தாக்கத் தொடங்கும். அதனால்தான் குருதியில் மருந்தின் அளவை அடிக்கடி பார்க்கிறார்கள். ஈப்போவை அடுத்த தம்புனில் விளையும் பம்பளிமாசுப் பழத்தை நாம் விரும்பி உண்கிறோம். விழாக்காலத்தில் பரிசாகவும் கொடுக்கிறோம். இப்பழம் குடலில் இம்மருந்துகளைச் சிதைக்கும் நொதியைத் தடுத்துவிடும். மருந்து குருதியில் ஏறிவிடும். ஆகவே இம்மருந்துகளை உண்பவர்கள் பம்பளிமாசைத் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது வகை ஸ்டீராய்டு. நம் சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பி இயல்பாகச் சுரக்கும் பொருளின் உறவு இது. 1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் நடக்க முடியாதிருந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோனைச் செலுத்தினார். சில நாள்களில் அவர் நடந்தார். 1950இல் ஹென்ச்சும் உடன் உழைத்தோரும் நோபெல் பரிசு பெற்றனர். ஸ்டீராய்டு உயிரணுவின் கருவுக்குள்ளேயே சென்று, அழற்சிக்குரிய பல மரபணுக்களை ஒருங்கே வாயடைக்கச் செய்கிறது. இவ்வளவு பரந்த செயல் என்பதால் பயனும் விரைவு, தீங்கும் பல. நெடுங்காலம் உண்டால் எலும்பு தேய்கிறது, குருதியில் சர்க்கரை ஏறுகிறது, முகம் உப்புகிறது, கிருமிகள் எளிதில் பற்றுகின்றன. மேலும், வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டேயிருந்தால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்துவிடும். அந்நிலையில் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் குருதியழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரும். மெல்ல மெல்லக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

நான்காவது வகை, ஒரே ஒரு செய்தியை மட்டும் தடுப்பது. முடக்குவாத மூட்டுகளில் டிஎன்எஃப் என்னும் செய்திப் புரதமே அழற்சியின் தலைமைக் குரல் என்பதை இலண்டனில் மார்க் பெல்ட்மன், ரவீந்தர் மைனி ஆகியோர் காட்டினர். அப்புரதத்தைப் பிடித்து வைக்கும் எதிர்ப்பொருள் மருந்துகள் 1990களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்தன. எழுத முடியாதிருந்த விரல்கள் எழுதின. ஆயினும் அதே டிஎன்எஃப் நம் உடலில் மற்றொரு வேலையும் செய்கிறது. காசநோய்க் கிருமி நுரையீரலில் உறங்கிக் கிடக்கும்போது, அதனைச் சுற்றி வெள்ளை அணுக்கள் மதில் கட்டி நிற்கின்றன. அம்மதிலைக் காப்பது டிஎன்எஃப். மருந்து அதனைத் தடுத்தால் மதில் சரியும். உறங்கிய கிருமி எழும். காசநோய் இன்னும் மறையாத நம் வட்டாரத்தில், இம்மருந்தைத் தொடங்குமுன் காசநோய்ச் சோதனை செய்வது இதற்காகத்தான்.

தூண்டும் மருந்துகள்

உங்களில் பெரும்பாலோரின் இடப் புயத்தின் மேற்பகுதியில் சிறு தழும்பு இருக்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறந்த குழந்தைகளுக்கு இடும் பி.சி.ஜி. தடுப்பூசியின் அடையாளம் அது. பிரான்சில் கால்மெட், கெரான் என்னும் இருவர், மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 13 ஆண்டுகள், ஏறத்தாழ 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, நோய் செய்யும் வலிமையை இழக்கச் செய்தனர். உயிருள்ள, ஆனால் மெலிந்த கிருமி அது. தடுப்பூசி எதுவானாலும் அதன் வேலை, டி அணுக்களுக்கும் பி அணுக்களுக்கும் ஒரு குறிப்பிட்ட பகையை முன்கூட்டியே காட்டி நினைவில் இருத்துவது. நாம் அறிந்த தூண்டும் மருந்துகளில் மிக நுட்பமானது இதுவே. ஏனெனில் எதை எதிர்க்க வேண்டும் என்பதையும் அது சேர்த்தே சொல்லிவிடுகிறது.

இதே பி.சி.ஜி.க்கு இரண்டாவது வாழ்வும் உண்டு. 1976ஆம் ஆண்டு கனடாவில் ஆல்வாரோ மொராலெஸ் என்னும் மருத்துவர், சிறுநீர்ப்பையின் உட்புறத்தோடு நிற்கும் புற்றுநோய்க்கு இதனைப் பயன்படுத்திய முறையை வெளியிட்டார். வாரம் ஒரு முறை என ஆறு வாரங்களுக்கு மெலிந்த கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துகிறார்கள். கிருமியைக் கண்டு திரளும் வெள்ளை அணுக்கள் அங்குள்ள புற்றணுக்களையும் தாக்குகின்றன. இன்றும் இது வழக்கில் உள்ள சிகிச்சை.

சில மருந்துகள் எண்ணிக்கையை உயர்த்துகின்றன. புற்றுநோய்க்கான வேதி மருந்துகளால் வெள்ளை அணுக்கள் குறையும்போது, பில்கிராஸ்டிம் என்னும் மருந்து எலும்பு மச்சையைத் தூண்டி அவற்றைப் பெருக்குகிறது. அளவைக் கூட்டுவது என்று உண்மையாகவே சொல்லத்தக்க மருந்து இது. ஆனால் அளவு குறைந்துவிட்டவருக்கு மட்டுமே உரியது. 1957இல் ஐசக்ஸ், லிண்டன்மன் ஆகியோர் கண்டறிந்த இன்டர்பெரான், நச்சுயிரி புகுந்த செய்தியை அண்டை அணுக்களுக்கு அறிவிக்கும் புரதம். அதனை மருந்தாகக் கொடுத்துக் கல்லீரல் அழற்சி நோய்களைக் குணப்படுத்தினார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் காய்ச்சலும் குளிரும் உடல்வலியும் களைப்பும் வந்தன. சளிக்காய்ச்சலின்போது நாம் படும் பாட்டுக்குக் கிருமி மட்டும் காரணமன்று, நம் எதிர்ப்பே பெருங்காரணம் என்பதை இம்மருந்து வெளிப்படையாகக் காட்டியது.

இனி, கடிவாளத்தை அவிழ்க்கும் மருந்துகளுக்கு வருவோம். முன்னர்ச் சொன்ன சிடிஎல்ஏ-4 என்னும் கடிவாளத்தை மறித்தால் எலிகளில் புற்றுக்கட்டிகள் கரைகின்றன என்று அமெரிக்க அறிஞர் சேம்ஸ் அலிசன் 1996இல் வெளியிட்டார். பிடி-1 என்னும் கடிவாளத்தை 1992இல் கண்டறிந்தவர் கியோத்தோவின் தசுக்கு ஒன்சோ. இருவரும் 2018ஆம் ஆண்டு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். சிடிஎல்ஏ-4ஐ மறிக்கும் இப்பிலிமுமாப் என்னும் மருந்து 2011இல் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது. புற்றணுக்களை இம்மருந்து தொடுவதே இல்லை. தடுக்கப்பட்டிருந்த டி அணுக்களை விடுவிக்கிறது. அவை புற்றணுக்களைத் தாக்குகின்றன.

விடுபட்ட டி அணுக்கள் புற்றணுக்களோடு நிற்பதில்லை. சிலருக்குக் குடலும், சிலருக்குத் தைராய்டும், கல்லீரலும், அரிதாக இதயமும் அழற்சி கொள்கின்றன. அப்போது மருத்துவர் எதைக் கொடுக்கிறார்? ஸ்டீராய்டைக் கொடுக்கிறார். தூண்டும் மருந்து செய்ததை அடக்கும் மருந்தால் ஆற்றுகிறார்.

இன்னும் வியப்பானது ஒன்று. அதே சிடிஎல்ஏ-4 புரதத்தின் ஒரு பகுதியை எடுத்து மருந்தாக்கினால், அது இரண்டாம் கையொப்பத்தைத் தடுக்கும். அபாட்டசெப்ட் என்னும் அம்மருந்து 2005 முதல் முடக்குவாதத்துக்குப் பயன்படுகிறது. ஒரே கடிவாளம், அதனை இறுக்கும் மருந்து முடக்குவாதக்காரருக்கு, அதனை அவிழ்க்கும் மருந்து புற்றுநோயாளிக்கு. இவ்விருவரில் யாருக்கு ‘எதிர்ப்புச் சக்தி’ மிகுதி, யாருக்குக் குறைவு? அந்தக் கேள்வியே பொருந்தவில்லை அல்லவா?

இரண்டு படிப்பினைகள்

2006ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள் இலண்டனில், டிஜிஎன்1412 என்னும் புதிய மருந்தை உடல்நலம் மிக்க ஆறு இளைஞர்களுக்குச் செலுத்தினர். விலங்குகள் தாங்கிய அளவில் 500இல் ஒரு பங்கே கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் ஆறு பேருக்கும் தலைவலி, நடுக்கம், காய்ச்சல் தொடங்கின. பின்னர் நுரையீரலும் சிறுநீரகமும் செயலிழந்தன. அறுவரும் தீவிர சிகிச்சையால் உயிர் பிழைத்தனர். ஒருவர் விரல் நுனிகளை இழந்தார். அம்மருந்து சிடி-28ஐ நேரடியாக இயக்கியது. அதாவது, முதல் கையொப்பம் இல்லாமலேயே இரண்டாம் கையொப்பத்தை மட்டும் கொண்டு காசோலை செல்லுபடியாயிற்று. பகை எது என்று அறியாமலேயே டி அணுக்கள் திரண்டெழுந்தன. பகை இல்லாத இடத்தில் எதிர்ப்பை மட்டும் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மற்றொன்று நாம் அனைவரும் கடந்து வந்த பெருந்தொற்றுக் காலத்தது. 2020ஆம் ஆண்டு பிரிட்டனில் நடந்த ஆய்வொன்றில் 6,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான பழைய ஸ்டீராய்டை நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் கொடுத்தனர். செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரில் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உயிர்வளி மட்டும் தேவைப்பட்டோரில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. உயிர்வளியே தேவைப்படாதோருக்குப் பயன் எதுவும் இல்லை. தொற்றின் தொடக்கத்தில் உடலின் எதிர்ப்பு கிருமியை அழிக்கிறது. பின்னாளில் கட்டுமீறிய அதே எதிர்ப்பு நுரையீரலை அழிக்கிறது. மருந்தும் நோயும் ஒன்றே. காலம் மட்டும் வேறு.

நாம் செய்ய வேண்டியவை

மிகுதியும் குறைவும் இரண்டுமே நோய் என்னும் கருத்து நமக்குப் புதிதன்று. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் அங்கேதான் தொடங்குகிறது. வள்ளுவர் பேசியது வளி முதலிய மூன்றைப் பற்றி. டி அணுக்களைப் பற்றி அன்று. ஆயினும் அளவறிந்து வாழும் அந்த மனப்பாங்கு நமக்கு இங்கும் உதவும்.

முதலாவது, உறுப்பு மாற்றம் செய்துகொண்ட உறவினர் நம் வீட்டில் இருந்தால், அவர் மருந்து ஒரு வேளையும் தவறாமல் இருக்கத் துணை நிற்போம். ‘சக்தியைக் கூட்டும்’ பொடிகளை அன்பின் பெயரால் அவரிடம் கொடுக்காதிருப்போம். அடக்கும் மருந்து உண்பவர்கள், உயிருள்ள கிருமியால் ஆன தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளை மருத்துவரைக் கேளாமல் போட்டுக்கொள்ளலாகாது. உயிரற்ற சளிக்காய்ச்சல் தடுப்பூசியோ அவர்களுக்கு மிகவும் வேண்டியது.

இரண்டாவது, மூட்டுவலிக்கு ஒரே நாளில் குணம் தரும் ‘மூலிகை’ மாத்திரைகளைக் கண்டால் ஐயுறுவோம். அத்தகைய பொருள்கள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் கலந்திருப்பதாக மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையும் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையமும் பன்முறை எச்சரித்துள்ளன. சக்தியைக் கூட்டுவதாக எண்ணி உண்பவர், உண்மையில் அடக்கும் மருந்தை அளவறியாமல் உண்கிறார். திடீரென்று நிறுத்தும்போது வீழ்கிறார். மலேசியாவில் பதிவுபெற்ற மருந்துக்கு எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் உண்டு. அதனைச் சரிபார்க்கப் பிள்ளைகளும் பெற்றோருக்குக் கற்றுத் தரலாம்.

மூன்றாவது, இயற்கைப் பொருள் என்பதாலேயே அளவு வேண்டியதில்லை என்று கருத வேண்டாம். துத்தநாக மாத்திரையை நெடுங்காலம் மிகுதியாக உண்டால் உடலில் செம்பு குறையும். செம்பு குறைந்தால் வெள்ளை அணுக்கள் குறையும். கூட்டப் போனது குறைந்துவிடும். பெருந்தொற்றின்போது சீந்தில் கொடியைத் தொடர்ந்து உண்டவர் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தனர். இந்திய ஆயுஷ் அமைச்சகம் அதனை மறுத்தது. வழக்கு எவ்வாறு முடியினும், எதிர்ப்பைத் தூண்டும் என்று நம்பி உண்ணும் எதையும் மருத்துவரிடம் மறையாமல் சொல்ல வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்க வழியில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் ‘நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும், குறைக்கும்’ என்பதற்கு மாறாக, ‘நோயெதிர்ப்பைத் தூண்டும், அடக்கும்’ என்று சொல்லிப் பாருங்கள். விளக்கைத் தூண்டுகிறோம், யானையை அடக்குகிறோம். இரண்டிலும் நம் கவனம் அளவில் இல்லை, நடத்தையில் இருக்கிறது. எந்த விளக்கை, எவ்வளவு நேரம், யார் கண்காணிப்பில் என்னும் கேள்விகள் தாமாகவே பின்தொடர்கின்றன.

மாணவச் செல்வங்களே, இனி ஒரு மருந்து எதிர்ப்பைத் தூண்டும் என்றோ அடக்கும் என்றோ யாரேனும் சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதற்கு எதிராக? எந்த நேரத்தில்? என்ன விலைக்கு? இவற்றுக்கு விடை சொல்பவர் மருந்தை அறிந்தவர். விடை சொல்லாதவரிடமிருந்து எதையும் வாங்காதீர்கள்.